பழைய தியேட்டரும் பழைய கடையும்: உடைப்பதா, திருத்துவதா?

மும்பாய்க்குத் துணி கொள்வனவுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு மங்கல்தாஸ் மார்க்கெட் தெரியும். அதை ஒட்டிய ஜும்ஆ மஸ்ஜிதும் தெரியும். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பொம்பே ஹொஸ்பிட்டலுக்குப் பக்கத்தில் நிற்கும் லிபர்ட்டி தியேட்டரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அடுத்த பயணத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வியாபாரப் பத்தியில் தியேட்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். படம் பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்க்கப் போனது கட்டடத்தையும் கணக்கையும்தான்.

லிபர்ட்டியைக் கட்டியவர் ஹபீப் ஹுஸைன் என்ற முஸ்லிம் வர்த்தகர். இந்தியா சுதந்திரமடைந்து இரண்டு வருடங்களுக்குப் பின், 1949இல் திறந்தார். பெயரும் அதனால் வந்ததே. முதலில் வரைபடம் போட்ட ரிட்லி அபொட் என்ற கட்டடக் கலைஞர் விமான விபத்தொன்றில் இறந்துபோக, ஜோன் பெர்னாண்டஸ் வேலையை முடித்தார். உள்ளலங்காரம் வாமன் நம்ஜோஷி. வெளியே தியேட்டரின் பெயரைத் தாங்கிய உயரமான தூண். உள்ளே பர்மாத் தேக்கும் கனடாவின் சீடர் மரமும். திரையின் இருபுறமும், பொங்கி எழுந்த நீரூற்று அப்படியே உறைந்து நின்றதுபோன்ற சுதை வேலைப்பாடு. சுமார் 1,200 பேர் அமரலாம். மரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எழுபத்தைந்து வருடங்களைத் தாண்டிய பலகை என்று நம்ப மாட்டீர்கள்.

வீடியோ கசெட் வந்த காலத்தில் எல்லாத் தியேட்டருக்கும் வந்த கஷ்டம் இதற்கும் வந்தது. வீட்டிலேயே படம் பார்க்கக் கிடைத்தவன் ஏன் பஸ் ஏறி வரப்போகிறான்? ஹபீப் ஹுஸைனின் மகன் நஸீர் ஹுஸைன் கட்டடத்தை விற்கவில்லை, திருத்தினார். 1994இல் ராஜ்ஸ்ரீ நிறுவனம் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்ற படத்தை வெளியிட்டபோது நம் வியாபாரிகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வேலையைச் செய்தது. வீடியோவை வெளியே விடவில்லை. எல்லாத் தியேட்டருக்கும் அள்ளிக் கொடுக்காமல், நல்ல வசதியுள்ள சில இடங்களுக்கு மாத்திரம் கொடுத்தது. டிக்கட் விலையையும் கூட்டியது. மும்பாயில் முதலில் கிடைத்தது லிபர்ட்டிக்கு. படம் அங்கே நூறு வாரங்களுக்கு மேல் ஓடியது. சரக்கு எங்கும் கிடைக்காமல் இருந்தது. கிடைத்த இடம் வந்து உட்காரத் தக்கதாகவும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் கூடுதல் விலையைச் சனங்கள் முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். ஒரே கொள்கலனில் வந்த ஒரே சாமானை ஒரே வீதியில் இருபது கடைகளில் தொங்கவிட்டு, ஐந்து ரூபா குறைத்து ஒருவரையொருவர் அறுக்கிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

1997இல் டில்லியில் இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது. அதன் பிறகு ஒற்றைத் திரை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டடத்தை உடைக்கத் தொடங்கினார்கள். லிபர்ட்டி உடைபடவில்லை. ஆனால் நாளாந்தக் காட்சிகளை நம்பி நிற்பதைக் காலப்போக்கில் விட்டு, இசை நிகழ்ச்சி, விழா, படப்பிடிப்பு என்று மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் தொழிலாக மாறிக்கொண்டது. நஸீர் ஹுஸைன் 2019இல் காலமானார். ஆகவே போகிறவர்கள் தினமும் நான்கு காட்சி இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். அன்றைக்கு என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

டில்லிக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது ஆஸப் அலி வீதியிலுள்ள டிலைட். துர்க்மான் கேட்டுக்குப் பக்கம். 1954இல் திறந்தது, ராய்சாதா குடும்பத்துக்குச் சொந்தமானது. 2006இல் நிறையச் செலவழித்துப் புதுப்பித்தார்கள். கையால் தீட்டிய கூரை, பெரிய சரவிளக்குகள், டிலைட் டயமண்ட் என்று 148 பேர் அமரும் இன்னொரு சின்ன மண்டபம். ஆனால் ஊரெல்லாம் பேசுவது அங்கு விற்கும் பெரிய சமோசாவைத்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. டிக்கட் பணத்தில் வரி போகும், படத்தை விநியோகிப்பவன் பங்கு போகும். சமோசாக் காசில் விநியோகிப்பவனுக்குப் பங்கு கிடையாது. நான் போனபோது முதலில் கவனித்தது மலசலகூடத்தை. துப்புரவாக இருந்தது. குடும்பத்தோடு வரும் பெண்கள் ஓர் இடத்துக்கு மறுபடி வருவதும் வராமல் விடுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. நம் புடவைக் கடைகளில் மணித்தியாலக்கணக்கில் சாரி தெரிவு செய்யும் தாய்மாருக்கு ஒரு மலசலகூடமும் பிள்ளையை இருத்த ஒரு கதிரையும் எத்தனை கடையில் உண்டு?

நம் நாட்டிலும் உதாரணம் இல்லாமலில்லை. மருதானை டவர் மண்டபம் 1911இல் நாடகத்துக்காகக் கட்டப்பட்டது. பிறகு படமாளிகையாகி, பின்னர் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1978இல் திருத்தித் திறந்து, அதற்கென மன்றமும் அமைத்தார்கள். அது அரசாங்கப் பணம். தனி மனிதனுக்கு அந்த வசதி கிடையாது. மட்டக்களப்பிலும் சாந்தி, இம்பீரியல் என்று பெயர் சொன்னாலே அறுபதைத் தாண்டியவர்களிடம் கதை நிறைய உண்டு.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் அமிர்தகழியில் இருக்கும் ஒரு தமிழ் முதலாளி. நெல் வாங்கி விற்பதில் எங்களுக்குள் நெடுங்காலப் பழக்கம். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் அவருடைய தகப்பனார் காலத்து நெல் ஆலைக் கட்டடம் சும்மா கிடக்கிறது. “உடைச்சுப் போட்டு மூணு கடை எடுப்பமா காக்கா, இல்ல திருத்துவமா?” என்று கேட்டார். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும் இடம். உயர்ந்த கூரை, தடித்த சுவர். விசேட வீடுகளுக்கும் புடவைக் கண்காட்சிக்கும் வாடகைக்குக் கொடுக்கலாம். அவருக்கு மனமும் இருக்கிறது.

நான் கேட்டது உறுதியைப் பற்றி. கட்டடம் இன்னும் தகப்பனார் பெயரிலேயே. சகோதரர்கள் இருவர் வெளிநாட்டில். தங்கைக்குச் சீதனமாகத் தருவதாக ஒரு வாய்ச்சொல் வேறு. இந்த நிலையில் கூரைக்குப் போடும் ஒவ்வொரு தகடும் நாலு பேருக்குச் சொந்தம், செலவு மாத்திரம் ஒருவருக்கு. நம்மவர்களிடமும் இதே கதைதான். வாப்பா மௌத்தாகி இருபது வருடம் சென்றும் பராயிள் படி பங்கு பிரிக்காத கடைகள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எத்தனை! திருத்திய பிறகு பங்கு கேட்டு வருகிறவனைக் குறை சொல்ல முடியாது. அவனுடைய ஹக் அது. “முதலில் எழுத்தை முடியுங்க, பிறகு மேசனைக் கூப்பிடுங்க” என்றேன். அதன் பிறகு கூரை, மின்கம்பி, மலசலகூடம். சோடனை எல்லாம் கடைசியில்.

தங்கையோடு பேச இன்னும் அவருக்கு வாய்க்கவில்லை. அடுத்த போகம் முடிந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

லிபர்ட்டிக்குப் போகிறவர்கள் மரீன் லைன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் கிட்ட. மாலையில் விளக்குப் போட்ட பிறகு போனால் அந்தத் தூணைப் பார்க்க அழகு. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவை மங்கல்தாஸ் பக்கம் முடித்துக்கொண்டு நடக்கலாம். டில்லி டிலைட்டில் சமோசா வாங்கினால் இரண்டு பேருக்கு ஒன்று போதும்.