மண்ணுக்குள் ஒரு சேமிப்பு

இடவப்பாதி மழை பெய்யும்போது திருவனந்தபுரத்து ஓடைகளைப் பாருங்கள். தண்ணீர் சிவப்பாக ஓடும். அது நம் தோட்டத்து மேல்மண். நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் அதோடு போகிறது.

உரத்தை மண்ணிலேயே பிடித்து வைக்க முடியுமா? முடியும். அதற்கு உதவுபவை நுண்ணுயிர்கள்.

பாக்டீரியா, பூஞ்சை ஆகியவை நுண்ணுயிர்கள். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. முதல் மழையில் மண் மணக்கிறது அல்லவா? அந்த மணம் நுண்ணுயிர்கள் தருவது.

சருகு, சாணம், செத்த வேர் ஆகியவை இவற்றின் உணவு. உண்ட சத்து அவற்றின் உடலில் தங்குகிறது. யூரியா தண்ணீரில் கரையும். மழையோடு போய்விடும். ஆனால் நுண்ணுயிரின் உடலில் உள்ள சத்தை மழை எளிதில் கொண்டுபோகாது.

நுண்ணுயிரின் ஆயுள் குறைவு. அது செத்ததும் சத்து வெளியே வரும். பயிரின் வேர் அதை எடுத்துக்கொள்ளும்.

அயல்கூட்டத்தில் வாராவாரம் பணம் கட்டுகிறோம். கையில் இருந்தால் செலவாகிவிடும். கட்டி வைத்தால் தேவைக்குக் கிடைக்கும். நுண்ணுயிர்களும் மண்ணுக்கு இப்படி ஒரு சேமிப்புதான்.

இந்தச் சேமிப்பை வளர்ப்பது எப்படி?

முதலில் உணவு கொடுக்க வேண்டும். சருகை எரிக்காதீர்கள். வாழை, தென்னை மூட்டில் போட்டு மூடுங்கள். மரச்சீனிக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் வேண்டும். அதாவது ஒரு சென்டுக்கு 50 கிலோ. மாடு இல்லாதவர் என்ன செய்வார்?

ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963 இல் தொடங்கியது. அங்கே ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள். நிலத்தில் தட்டைப்பயறு விதைக்க வேண்டும். பயறு பறித்த பின் செடியை மண்ணில் புதைக்க வேண்டும். தொழு உரத்துக்குப் பதிலாக இது உதவும். பயறும் நமக்குக் கிடைக்கும்.

தட்டைப்பயறின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. காற்றில் உள்ள தழைச்சத்தை அங்கே நுண்ணுயிர்கள் பிடிக்கின்றன.

இரண்டாவது, புளிப்பைக் குறைக்க வேண்டும். பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். அதனால் நம் செம்மண் புளித்திருக்கிறது. புளித்த மண்ணில் பல பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடும். கிருஷிபவனில் கேட்டு மண்ணைச் சோதியுங்கள். சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மட்காத மரத்தூளை மண்ணில் கலக்காதீர்கள். அதில் தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகும். மட்க வைத்த பிறகு போடுங்கள்.

உரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட உரம் வீணாகக் கூடாது. அதற்கு மண் உயிரோடு இருக்க வேண்டும்.

கலந்து பேசுவோம்:
1. உங்கள் வீட்டுச் சருகு எங்கே போகிறது?
2. அடுத்த மழைக்கு முன் மண்ணை எதைக் கொண்டு மூடலாம்?