டிரையர் சத்தம் போடுகிறதா? பயப்படாதீர்கள்!

"தட... தட... தட... தட...!"

இரவு 10 மணி. வெளியே நல்ல மழை. மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. வீடே அதிரும்படி ஒரு சத்தம்!

சத்தம் போட்டது வேறு ஒன்றும் அல்ல. எங்கள் துணி துவைக்கும் எந்திரம்தான். துவைக்கும்போது சும்மா இருந்தது. துணியைப் பிழிகிற டிரையர் பக்கத்தைத் திருகியதும் கத்தத் தொடங்கி விட்டது.

உள்ளே கிடந்தது மகளின் பள்ளிக்கூடச் சீருடை. காலையில் அவள் அதைப் போட்டுக் கொண்டு பரீட்சைக்குப் போக வேண்டும்.

கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்து விட்டார்.

"என்னம்மா இது? இந்த நேரத்தில் மாவு மில் ஓட்டுறீங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

எந்திரத்தை நிறுத்தினோம். கையால் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே காயப் போட்டோம். காலையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரத்தைப் போக்கினோம்.

மறுநாள் மெக்கானிக் ஒருவர் வந்தார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"மோட்டார் போய் விட்டது. 3 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றார்.

மாதக் கடைசி. யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பி விட்டேன்.

பெரியவர் வந்தார்

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் இந்தச் செய்தி விழுந்தது.

"காலியாக ஓட்டிப் பார்த்தீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அதுதான் முதல் வைத்தியம். துணி இல்லாமல் ஓட்டுங்க. சத்தம் நின்று விட்டால் கோளாறு துணியில். சத்தம் நிற்காவிட்டால் கோளாறு எந்திரத்தில்" என்றார்.

எவ்வளவு எளிய வழி!

டிரையர் எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் பல வீடுகளில் இருப்பது இரண்டு தொட்டி எந்திரம். ஒரு தொட்டி துவைக்கும். மற்றொன்று பிழியும். பிழிகிற தொட்டிக்குள் ஓட்டைகள் உள்ள ஒரு கூடை இருக்கிறது. அதன் அடியில் மோட்டார் இருக்கிறது.

பல எந்திரங்களில் இந்தக் கூடை நிமிடத்துக்குச் சுமார் 1,300 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் துணியில் உள்ள தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே தெறித்து விடுகிறது. வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

மோட்டார் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்து இருக்கிறது. அதிர்ச்சியைத் தாங்குவது அவற்றின் வேலை. மூடியைத் திறந்தால் மின்சாரம் நின்று விடும். உடனே ஒரு பிரேக் கூடையைப் பிடித்து நிறுத்தும்.

சத்தத்தைக் கேளுங்கள்

வைத்தியர் நாடி பார்ப்பது போல நாம் சத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

'தட் தட்' என்று இடித்தால்: துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து விட்டது என்று அர்த்தம். ஈரப் போர்வை ஒன்றை மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும். துணியை எடுத்து, சுற்றிலும் சமமாக அமுக்கி வையுங்கள். அதன் மேல் பிளாஸ்டிக் தட்டை வைக்க மறக்காதீர்கள்.

எந்திரமே ஆடினால்: நான்கு காலும் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். நம் வீடுகளில் துவைக்கும் இடத்தில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்வாகப் போட்டு இருப்பார்கள். தாழ்ந்து இருக்கும் காலுக்கு அடியில் கெட்டியான ரப்பர் துண்டு வையுங்கள். அட்டை வேண்டாம். நனைந்து நசுங்கி விடும்.

'கலகல' என்றால்: உள்ளே ஏதோ விழுந்து கிடக்கிறது. அடையாறில் என் அக்கா வீட்டில் இப்படித்தான் சத்தம் வந்தது. சட்டைப் பையில் இருந்த 2 ரூபாய் நாணயம், கூடைக்கும் தொட்டிக்கும் இடையே போய் விட்டது! ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, பித்தான் எல்லாம் இப்படிப் போகும். துவைக்கும் முன் பைகளைச் சோதியுங்கள்.

'கிரீச்' என்றால்: பிரேக் உரசலாம். பிரேக்கை இழுக்கும் கம்பி தளர்ந்து இருக்கும். ரப்பர் கருகிய வாடையும் வரலாம். கூடைத் தண்டில் துரு ஏறினாலும் இதே சத்தம் வரும். கூடையின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்தால், தண்ணீர் மோட்டார் மேல் ஒழுகும். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

'ம்ம்ம்' என்று முனகி, கூடை சுற்றாமல் நின்றால்: உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால் மோட்டார் எரிந்து போகும்.

எங்கள் வீட்டில் என்ன கோளாறு?

காலியாக ஓட்டினோம். சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் கோளாறு எந்திரத்தில்தான்.

பெரியவர் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கூடையைக் கையால் மெல்ல அசைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"இதோ பாருங்க, தம்பி!"

மூன்று ஸ்பிரிங்குகளில் ஒன்றின் ரப்பர் நைந்து, உடைந்து கிடந்தது. அதனால் கூடை சாய்ந்து, தொட்டிச் சுவரில் இடித்து இருக்கிறது. மோட்டார் நன்றாகவே இருந்தது!

உடைந்த ஸ்பிரிங்கை உதிரிப் பாகக் கடைக்குக் கொண்டு போனேன். எந்திரத்தின் மாடல் எண்ணையும் எழுதிக் கொண்டு போனேன். மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொன்னார் பெரியவர். ஒன்று புதிதாகவும் இரண்டு பழையதாகவும் இருந்தால் மறுபடி சாயுமாம். சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது.

உயிர் பெரிது

தகட்டை மூடும்போது பெரியவர் சொன்னதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று எந்திரத்தைத் திறக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர் என்று ஒரு பொருள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கி இருக்கும். அதைத் தொடவே கூடாது.

சத்தம் வருகிறது என்று கண்ட இடத்தில் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டு விடும். பிரேக்கில் பட்டாலோ பிரேக் பிடிக்காது.

பிரேக் பிடிக்காத டிரையர் மிகவும் ஆபத்தானது. மூடியைத் திறந்த பிறகும் கூடை சுற்றிக் கொண்டே இருக்கும். அதில் கையை விட்டால், துணி கையைச் சுற்றி முறுக்கி விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அப்படிப்பட்ட எந்திரத்தை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

சுடுகாற்றால் காய வைக்கும் டிரையர்களும் இப்போது சில வீடுகளுக்கு வந்து விட்டன. அமெரிக்காவில் இவை அதிகம். அவற்றில் பஞ்சுத் தூசி சேரும். தூசியை எடுக்காமல் விட்டதால் தீப்பிடித்த வீடுகள் அங்கே உண்டு. ஒவ்வொரு தடவையும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மழைக்கு முன்பே பாருங்கள்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். கொடியில் துணி காயாத நாட்கள் அவை. கடற்கரைப் பக்கம் உள்ள மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் உப்புக் காற்றால் துருவும் சீக்கிரம் ஏறும். ஆகவே செப்டம்பர் மாதமே எந்திரத்தை ஒரு தடவை சோதித்து விடுவது நல்லது.

அன்று இரவு மகளின் சீருடையைப் போட்டு டிரையரை ஓட்டினோம். 'உய்ங்' என்ற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை, மாடிப்படியில் கீழ் வீட்டு அம்மாள் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"என்னம்மா, புது மெஷின் வாங்கிட்டீங்களா?"