தெருமுனை டாக்டர் – 14: நாள் தள்ளிப்போயிருக்கா?

அபிராமபுரத்தில் ஒரு இளம்பெண்ணுக்குக் காய்ச்சலோ நீர்க்கடுப்போ வந்தால் முதலில் மகப்பேறு நிபுணரைத் தேடிப் போகமாட்டார். மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வைத்தியம் பார்க்கும் தெருமுனை டாக்டரிடம்தான் போவார். முழுகாமல் இருப்பது பல நேரம் அவருக்கே தெரிந்திருக்காது. கருவில் இதயமும் கண்ணும் காதும் உருவாகிற அந்த வாரங்களில் மருந்துச் சீட்டு எழுதுகிறவர் பெரும்பாலும் குடும்ப டாக்டர்தான். அதனால், குழந்தை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண் வந்தாலும், பேனாவைத் திறக்குமுன் அவர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "நாள் ஏதும் தள்ளிப்போயிருக்காம்மா?"

சூடு என்று விட்டுவிடாதீர்கள்

"சூடு பிடிச்சிருக்கு டாக்டர், ஒரு டானிக் எழுதிக் கொடுங்க" என்று மாமியார்தான் பேச்சை ஆரம்பிப்பார். அதற்குள் வீட்டில் மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு எல்லாம் முடிந்திருக்கும். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான். ஆனால் கர்ப்பிணியின் நீர்க்கடுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஈ.கோலை என்ற குடல் கிருமி.

கர்ப்பகால ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்துகிறது. தேங்கும் சிறுநீரில் கிருமி சுலபமாகப் பெருகும். எரிச்சலோ வலியோ இல்லாமலேகூட 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். மருந்து கொடுக்காமல் விட்டால் அவர்களில் 30 சதவிகிதம் பேர் வரை சிறுநீரகத்துக்கே கிருமி தொற்றும் நிலைக்குப் போகலாம். குறைப்பிரசவத்துக்கும் அது வழிவகுக்கும். அதனால்தான், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை யூரின் கல்ச்சர் பார்த்துவிட வேண்டும் என்கிறது மருத்துவம்.

அந்தச் சோதனை பாதி கெட்டுப்போவது பாத்ரூமில்தான். நன்றாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. பிடித்ததை உடனே லேபில் சேர்த்துவிட வேண்டும். டாக்டரே இதை அரை நிமிடம் சொல்லிக் கொடுத்தால் ரிசல்ட் நம்பும்படி வரும். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிப்ரோஃபிளாக்ஸசின் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பதே வழக்கம். செஃபலெக்சின் போன்ற பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன. கோர்ஸ் முடிந்த பின் மறுபடியும் ஒரு கல்ச்சர் எடுத்து, கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதும் டாக்டரின் வேலைதான்.

ஊசி போடாத தலைமுறை

1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் பிறவியிலேயே கண்புரையுடன் கைக்குழந்தைகள் வரிசையாக வந்தன. அவர்களின் தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா, வந்திருந்தது. காத்திருப்பு அறையில் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். கருத்தரித்த ஆரம்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் 90 சதவிகிதம் வரை அது கருவுக்கும் பரவக்கூடும். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் அதன் விளைவுகள்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் பல பெற்றோர் பயந்தார்கள். முகாமில் ஊசி போட்டது 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. கணக்குப் போட்டால், 2002-க்கு முன் பிறந்த பெண்கள் அந்த முகாமில் வரமாட்டார்கள். தனியாரிடம் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தால் பாதுகாப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்று கருத்தரிக்கும் பெண்களில் பலர் இந்த வயதுக்காரர்கள்தான்.

ரூபெல்லா ஊசி, உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. கர்ப்பமான பின் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆகவே கல்யாணம் நிச்சயமானதுமே ஊசி போட்டாச்சா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமையும் உறவும் குடும்ப டாக்டருக்குத்தான் உண்டு. இன்னொன்று: உடம்பில் தடிப்போடு வருகிற குழந்தையையும் கர்ப்பிணியையும் கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக்கூடாது.

மூன்று ரத்தப் பரிசோதனைகள்

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அது 1986. தொற்று தெரிந்தாலும் அன்று கொடுக்க மருந்தில்லை. இன்று நிலைமை வேறு. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம். தாய் ஒழுங்காக மாத்திரை எடுத்தால் அது 5 சதவிகிதத்துக்கும் கீழே வந்துவிடும். சிஃபிலிசுக்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலினும் போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். மூன்றுக்கும் ஒரே தடவை ரத்தம் எடுத்தால் போதும். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு அந்த டெஸ்ட்?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பதில்தான்: எல்லாக் கர்ப்பிணிக்கும் உண்டு, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு.

கீழாநெல்லிக்குக் காத்திருக்காத நோய்

மழைக்காலத்தில் குடிநீரில் சாக்கடை கலந்தால் ஹெபடைடிஸ் ஈ வரும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும் அந்த மஞ்சள் காமாலை, கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவரின் உயிரைக்கூடப் பறிக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைதல், நீர் உடைந்தபின் காய்ச்சல்: கர்ப்பிணிக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். குடும்ப டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் ராத்திரியிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

(தொடரும்)