சர்க்கரையை வெளியே கொட்டினால் உடம்பு சும்மா இருக்குமா?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை என்றால், ஒன்று இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும், இல்லையென்றால் இருக்கிற இன்சுலினை ஒழுங்காக வேலை வாங்கும். பொதுவாக நம் மனதில் இருக்கும் படம் இதுதான். டாபாக்ளிஃப்ளோசின் இந்த இரண்டு வழியிலும் போவதில்லை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. 2020-ல் இந்தியாவில் இதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியது. இன்று பல வீடுகளில் மாத்திரை டப்பாவில் இது இருக்கிறது.

நம் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அதில் 90 சதவீத வேலை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்துடையது. அதை அடைத்தால் சர்க்கரை வெளியே போகும். இந்த யோசனை புதிதல்ல. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-லேயே பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள் இதையேதான் செய்யும். ஆனால் அது குடலில் இருக்கும் எஸ்ஜிஎல்டி1-ஐயும் அடைத்துவிடும், வாய்வழி கொடுத்தால் சரியாக உறிஞ்சப்படவும் செய்யாது. அதனால் மாத்திரையாகவில்லை, ஆய்வகக் கருவியாக நின்றுவிட்டது.

அந்தக் கருவியை வைத்து 1987-ல் ரோசெட்டி, டிஃப்ரான்சோ குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் கணையத்தில் 90 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். சர்க்கரை ஏறியது. கூடவே, இன்சுலினுக்குத் திசுக்கள் கீழ்ப்படிவதும் சுமார் 30 சதவீதம் குறைந்தது. பிறகு ஃப்ளோரிசின் கொடுத்தார்கள். அது இன்சுலின் பக்கமே போகாத மருந்து. ஆனாலும் இன்சுலின் உணர்திறன் பழைய நிலைக்குத் திரும்பியது! மருந்தை நிறுத்தியதும் மறுபடி கெட்டது. ஆக, அதிக சர்க்கரை என்பது நோயின் விளைவு மட்டுமில்லை, நோயை வளர்க்கும் காரணமும்கூட. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பிழையின் அவுட்புட்டே திரும்ப இன்புட்டாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த கேள்வி எடை. டாபாக்ளிஃப்ளோசின் எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு நாளுக்கு சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வெளியேறலாம். கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 280 கலோரி. வருஷக் கணக்குப் போட்டால் ஆள் துரும்பாக வேண்டும். ஏன் ஆவதில்லை?

பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட எலி ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. கொழுப்பு உணவால் குண்டான எலிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். எடை குறைந்தது, ஆனால் எலிகள் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தன. அப்படியானால் மருந்தின் வேலை எவ்வளவு, பசியின் எதிர்வேலை எவ்வளவு? இன்னொரு குழுவுக்கு அதே மருந்தைக் கொடுத்து, மருந்து வாங்காத எலிகள் தின்ற அளவு தீனியை மட்டும் வைத்தார்கள். இதற்கு ஜோடி ஊட்டல் என்று பெயர். இந்தக் குழுவில் எடை இன்னும் அதிகமாகக் குறைந்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பசி திருப்பி எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்று என்ற பழைய பாடம்தான்!

அவர்கள் எலிகளின் மூச்சையும் அளந்தார்கள். வெளிவிடும் கரியமில வாயுவை, உள்ளிழுக்கும் ஆக்ஸிஜனால் வகுத்தால் வரும் எண், மாவுச்சத்தை எரித்தால் 1 பக்கமும் கொழுப்பை எரித்தால் 0.7 பக்கமும் இருக்கும். மருந்து கொடுத்தபின் அது இறங்கியது. அதாவது உடம்பு எரிபொருளை மாற்றிக்கொண்டது.

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். கொழுப்பு எரிந்தால் கீட்டோன் வரும். 2015-ல் அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்தது இதைத்தான்: இந்த வகை மருந்துகளில் அபூர்வமாக, சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே ரத்தம் அமிலமாகலாம். குளுக்கோமீட்டர் சாதாரண எண்ணைக் காட்டும், ஆள் வாந்தி எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே டாபாக்ளிஃப்ளோசினை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், நீண்ட விரதம், ஆபரேஷன், விடாத வாந்தி மூன்றிலும் என்ன செய்யணும் என்று அவர்களுடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.