ஒரு டன் கரியமில வாயுவுக்கு என்ன விலை?

கோவளத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் முதலில் நெம்மேலி வரும். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. அடுத்து மாமல்லபுரம். இன்னும் தெற்கே சென்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அங்கிருந்து மேற்கே திரும்பிச் செங்கற்பட்டை அடைந்தால், ஊருக்குள் சில மாடி வீடுகளின் உச்சியில் சூரிய மின் தகடுகள் வெயிலில் மின்னுவதைக் காணலாம்.

ஒன்று மின்சாரத்தை விழுங்குகிறது. மற்ற இரண்டும் மின்சாரத்தைத் தருகின்றன. ஆனால் மூன்றுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. மூன்றிலும் அரசின் பணம், அதாவது நம் எல்லோருடைய பணம், போடப்பட்டிருக்கிறது.

காற்றில் சேரும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று எல்லா நாடுகளும் பேசுகின்றன. 2070ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. இதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை எங்கே போட்டால் அதிகப் பயன் கிடைக்கும்? எட்டாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இந்தக் கேள்விக்குள் நாமும் நுழையலாம்.

முதலில் ஒரு யூனிட்

ஆயிரம் வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் உண்டாக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். கரி, அதாவது கார்பன், நூற்றுக்கு நாற்பது பங்கு எனக் கொள்வோம். அப்படியானால் 700 கிராமில் கரி 280 கிராம்.

கரியின் அணு எடை 12. அது இரண்டு ஆக்சிஜன் அணுக்களுடன் சேர்ந்து கரியமில வாயு ஆகும்போது மூலக்கூறு எடை 44 ஆகிறது. எனவே 280 கிராம் கரி எரிந்தால் 280 × 44 ÷ 12, அதாவது சுமார் 1,030 கிராம் கரியமில வாயு கிடைக்கும். எரித்த நிலக்கரியை விட வெளிவரும் வாயுவின் எடை அதிகமாக இருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த மிகுதி எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது.

நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆனால் நம் வீட்டுக்கு வரும் கம்பியில் நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றின் மின்சாரமும் கலந்தே வருகிறது. நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. இந்த 0.7 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்குகளுக்கு அதுவே திறவுகோல்.

மாடியில் ஒரு கிலோவாட்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைச் சூரிய மின் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்கு என்று 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு போடுகிறவருக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம்.

நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஆண்டுக்குச் சுமார் 1,460 யூனிட். 0.7 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு மிச்சம். தகடு 25 ஆண்டு உழைத்தால் 25 டன். அரசின் 30,000 ரூபாயை 25 ஆல் வகுத்தால் டன்னுக்கு 1,200 ரூபாய்.

எளிய கணக்குத்தான். ஆனால் இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. தகட்டின் திறன் ஆண்டுதோறும் சிறிது குறையும். தகட்டைத் தயாரிக்கும்போதே ஓரளவு கரியமில வாயு வெளியாகியிருக்கும். நாட்டின் மின்சாரம் தூய்மையாக ஆக, 0.7 என்ற எண்ணும் இறங்கிக்கொண்டே வரும். ஆகவே 25 டன் என்பது மேல் எல்லை.

இவற்றை விடக் கடினமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. மானியம் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்காரர் தகடு வாங்கியிருப்பாரா? வாங்கியிருப்பார் என்றால், அரசின் 30,000 ரூபாயால் ஒரு கிராம் வாயு கூடக் குறையவில்லை. வாங்கியிருக்க மாட்டார் என்றால் முழுப் பெருமையும் அந்தப் பணத்துக்கே. எந்தத் திட்டத்தை எடைபோட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

குடிசைக்கு வந்த விளக்கு

மாடி உள்ளவருக்குத்தான் மாடித் தகடு. ஓலைக் கூரையிலும் சிமெண்ட் அட்டைக் கூரையிலும் வாழும் கடலோரக் குப்பங்களின் மக்களுக்கு?

2011இல் தமிழக அரசு ‘சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள்’ திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீட்டுக்கு 1,80,000 ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளுக்கு.

அதே 30,000 ரூபாய்! அதே கணக்கை இங்கும் போடுவோம். ஒரு விளக்கு 10 வாட், இரவில் ஐந்து மணி நேரம் எரிகிறது என வைத்துக்கொள்வோம். ஐந்து விளக்குக்கு நாளொன்றுக்குக் கால் யூனிட். ஆண்டுக்குச் சுமார் 90 யூனிட். மிச்சமாகும் வாயு 64 கிலோ. பதினைந்து ஆண்டு எரிந்தாலும் ஒரு டன்தான். ஆக, டன்னுக்கு 30,000 ரூபாய். மாடித் தகட்டை விட 25 மடங்கு!

இது வீண் செலவா? கரியமில வாயுவை மட்டும் அளந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஆண்டுகளில் தமிழகத்தில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. ஊரே இருண்டிருந்தபோது எரிந்த ஒரு விளக்கின் கீழ் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்திருந்தால், அதை எந்தத் தராசில் நிறுப்பது? வெப்பமானியால் எடையை அளக்க முடியாது. அதுபோல ‘டன்னுக்கு இத்தனை ரூபாய்’ என்ற அளவு ஒன்றை மட்டுமே சொல்லும், நியாயத்தைச் சொல்லாது. குறைவாகச் செலவழிக்கும் வீட்டில் மிச்சம் பிடிக்கவும் குறைவாகவே இருக்கும். டன் கணக்கை மட்டும் பார்த்துப் பணத்தைப் பங்கிட்டால் அது எப்போதும் வசதி உள்ள வீட்டையே தேடிப் போகும்.

கல்பாக்கத்தின் பெரிய எண்கள்

கல்பாக்கத்தில் முதல் அணு உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985 ஆகஸ்டிலும் தொடர்வினையைத் தொடங்கின. இயற்கை யுரேனியமே எரிபொருள். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீர். ஓர் உலையின் திறன் 220 மெகாவாட். அது முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 52,80,000 யூனிட். இதே மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து எடுக்க நாள்தோறும் சுமார் 3,700 டன், அதாவது ஏறக்குறைய ஒரு முழுச் சரக்கு ரயில் நிலக்கரி வேண்டும். கதிரியக்கக் கழிவை நெடுங்காலம் காக்க வேண்டிய பொறுப்பு உண்டு என்றாலும், கரியமில வாயுவைப் பொறுத்தவரை இது பெரிய மிச்சம்தான்.

ஆனால் பெரிய திட்டங்களுக்கு ஒரு குணம் உண்டு: காலதாமதம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2003இல் 3,492 கோடி ரூபாயில் அரசு ஒப்புதல் அளித்தது. 2010இல் முடியும் என்று திட்டம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கட்டுமானக் குழியை நீரில் மூழ்கடித்தது. திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்ட புது வகை உலை என்பதால் தொழில்நுட்பச் சிக்கல்களும் சேர்ந்தன. மதிப்பீடு 5,600 கோடியைத் தாண்டியது. உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது.

இத்தகைய உலை ஆண்டில் முக்கால் பங்கு நேரம் ஓடினால் சுமார் 328 கோடி யூனிட் கிடைக்கும், 0.7 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 23 லட்சம் டன் மிச்சம். அப்படியானால் ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் என்ன விலை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மாடித் தகடு சிறியதுதான். ஆனால் சில நாட்களில் வேலை முடிந்து மின்சாரம் தரத் தொடங்கிவிடும்.

கடல்நீரும் கரியும்

அரசின் பணம் எல்லாம் கரியமில வாயுவைக் குறைப்பதற்கே போவதில்லை. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை மத்திய அரசின் நிதி உதவியுடன் 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024இலும் திறக்கப்பட்டன. அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான கட்டுமானம் 2023இல் தொடங்கியது.

சவ்வூடு பரவலில் நீர், உப்புக் கரைசலை நோக்கித் தானாகச் செல்லும். அதை எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமானால் கடல்நீரை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 60 மடங்கு அளவில் அழுத்த வேண்டும். இதற்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் செலவாகும். நெம்மேலியின் இரண்டு ஆலைகளும் முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 8,75,000 யூனிட். சுமார் 610 டன் கரியமில வாயு.

தாகத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செங்கற்பட்டு ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது. மழைநீரை ஏரியில் பிடித்து வைத்தால் அதன் உப்பை நீக்க வேண்டியதில்லை. ஆகவே ஏரியைத் தூர்வாரும் பணமும் ஒரு வகையில் கரியமில வாயுவைக் குறைக்கும் பணமே. எந்தத் திட்டத்தின் பெயரில் ‘பசுமை’ என்ற சொல் இருக்கிறது என்று பார்ப்பதை விட, எத்தனை யூனிட் மிச்சம் என்று பார்ப்பதே விஞ்ஞான முறை.

பணம் எங்கிருந்து வருகிறது?

2010 ஜூலையில் மத்திய அரசு ஒரு நல்ல வழியைக் கண்டது. நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டு, அதைத் தேசியத் தூய எரிசக்தி நிதியில் சேர்ப்பது. மாசு செய்கிறவரே மாற்றுக்கும் பணம் தர வேண்டும் என்பது தத்துவம். 2016இல் இவ்வரி 400 ரூபாய் ஆயிற்று. ஒரு டன் நிலக்கரி சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு தருவதால், டன் வாயுவுக்கு ஏறத்தாழ 270 ரூபாய் எனலாம்.

2017-18 வரை இவ்வாறு திரண்டது சுமார் 86,000 கோடி ரூபாய். அதில் அந்த நிதிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 15,900 கோடி. ஆறு ரூபாய் திரட்டினால் ஒரு ரூபாய்க்குச் சற்று அதிகம்தான் நோக்கத்தைத் தொட்டது! 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த மேல்வரி மாநிலங்களின் இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதத்திலிருந்து பதினெட்டாக உயர்ந்தது. வாய்க்காலில் விட்ட தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் உழவனின் வேலைதானே?

உங்களுக்கு ஒரு கணக்கு

உங்கள் வகுப்பறை மின்விசிறி அனேகமாக 75 வாட் இழுக்கும். புதுவகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால், ஒரு விசிறியில் 72 யூனிட் மிச்சம்; அதாவது 50 கிலோ கரியமில வாயு. இருபது விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு ஒரு டன்.

இனி உங்கள் வேலை. கடையில் விசிறியின் விலையைக் கேளுங்கள். பள்ளிக்கு ஒரு யூனிட் என்ன விலை என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். விசிறி பத்து ஆண்டு உழைக்கும் எனக் கொண்டு, மிச்சமாகும் மின் கட்டணத்தை விசிறியின் விலையிலிருந்து கழித்துப் பாருங்கள். விடை சுழிக்குக் கீழே வந்தால் திகைக்க வேண்டாம், கணக்கு தவறில்லை. வாயுவும் குறைகிறது, பணமும் மிஞ்சுகிறது என்றே அதற்குப் பொருள். அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் காட்டுங்கள்.