அனுதாபம் அல்ல, வேலை
தொழுநோயாளிகளின் கைகளுக்கு உழைப்பைக் கொடுத்ததில் தன் வாழ்வின் பொருளைக் கண்டவர் பாபா ஆம்தே

மகாராஷ்டிராவில் சந்திரப்பூர் மாவட்டத்தின் சிற்றூர் வரோரா. 1940களில் அங்கே வக்கீலாக இருந்த முரளிதர் தேவிதாஸ் ஆம்தேக்கு வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. இளமையில் கார், வேட்டை, சினிமா விமர்சனம் என்று பொழுதைக் கழித்தவர். வழக்குகள் வந்தன, பணமும் வந்தது. நிறைவு மட்டும் வரவில்லை. காந்தியின் பாதிப்பில் எளிமைக்கு மாறினார். துப்புரவுத் தொழிலாளிகளின் கஷ்டத்தை அறிய மலக்கூடையைத் தலையில் சுமந்தார்.

அப்படி ஒருநாள், சாக்கடையோரம் மழையில் கிடந்த துளசிராம் என்ற தொழுநோயாளியைப் பார்த்தார். பார்த்ததும் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். ஒரு பெண்ணிடம் அத்துமீறிய பிரிட்டிஷ் சிப்பாய்களை எதிர்த்து நின்றதற்காக, அச்சமற்றவர் என்று காந்தியால் பாராட்டப்பட்டவர் அவர். தான் ஓடிவந்த வெட்கம் அவரை உறங்கவிடவில்லை. திரும்பிப் போய் துளசிராமைக் கவனித்துக்கொண்டார்.

ஆம்தே தன் வாழ்வின் நோக்கத்தைத் தேடி எங்கும் போகவில்லை. எதைக் கண்டு பயந்தாரோ, அதன் பக்கத்திலேயே போய் நின்றார். 1949இல் கல்கத்தா சென்று தொழுநோய் சிகிச்சை படித்தார். ஆராய்ச்சிக்காக நோய்க்கிருமிகளைத் தன் உடலில் செலுத்திக்கொள்ளவும் முன்வந்தார்.

1951இல் வரோராவுக்கு வெளியே, கல்லும் முள்ளுமான நிலத்தில் ஆனந்தவனம் உருவானது. மனைவி சாதனா, இரு குழந்தைகள், ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப் பசு, கையில் 14 ரூபாய். இவ்வளவுதான் மூலதனம். முதல் வேலை, கிணறு தோண்டுவது.

மருந்து கிருமியைக் கொன்றது. ஆனால் குணமானவரை வீட்டில் சேர்க்க ஆளில்லை, மிஞ்சியது பிச்சைதான். தர்மம் மனிதனைப் பிச்சைக்காரனாகவே வைத்திருக்கும், உழைப்புதான் அவனை நிமிர்த்தும் என்பது ஆம்தேயின் உறுதி. விரல் மழுங்கிய கைகள் பயிர் செய்தன, தறி நெய்தன, வீடு கட்டின. பிறரை நம்பியிருந்தவர்கள் பிறருக்கு உணவு விளைவித்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் விளைவித்த காய்கறியை வாங்கவே தயங்கியது ஊர். 1960களில் ஆனந்தவனத்தில் கல்லூரி திறந்தபோது, அதே ஊர் தன் பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியது.

கடுமையான முதுகெலும்பு நோயால் ஆம்தேயால் உட்கார முடியாமல் போனது. நிற்கலாம் அல்லது படுக்கலாம். அந்த நிலையிலும் 1985இல் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஒற்றுமை யாத்திரை புறப்பட்டார். அதே ஆண்டு மகசேசே விருது வந்தது. 2008 பிப்ரவரியில் மறைந்தவரின் உடல், அவர் விருப்பப்படியே ஆனந்தவனத்து மண்ணில் புதைக்கப்பட்டது.

இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஓராண்டுக்குள் குணப்படுத்தலாம்; மருந்து இலவசம். ஆனால் தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக ஏற்றிருந்த பிரிவுகளைச் சட்டத்திலிருந்து நீக்க 2019வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனந்தவனத்து ஆறு பேர் கிணறு தோண்டத் தொடங்கி அப்போது 68 ஆண்டுகள் கடந்திருந்தன.