புது எஞ்சினைப் பழக்குதல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். ஆய்வகம் முடிந்து எல்லாரும் போன பிறகும், இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். மதிப்பெண் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். "சார், புது வண்டியை முதல்ல மெதுவா ஓட்டணுமா, வேகமா ஓட்டணுமா?" என்று கேட்டார். ஏதோ பைக் வாங்கிவிட்டார் என்று எண்ணி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய தந்தையார் தியாகராய நகரில் ஆக்டிங் டிரைவர். வழக்கமாக அழைக்கும் வீடுகள் நாலைந்து உண்டு. அவற்றுள் ஒரு வீட்டார் புதிதாக ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்கள். வீட்டுக்காரர் வெளிநாடு புறப்படும் அவசரத்தில் சாவியை இவரிடம் கொடுத்து, "நான் திரும்பி வருவதற்குள் ரன்னிங்-இன் முடித்து வையுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். அவருடைய மகனோ, "அதெல்லாம் பழைய காலத்து வண்டிக்கு. முதல் நாளே நன்றாக மிதியுங்கள், அப்போதுதான் இழுவை வரும்" என்கிறார். பனகல் பூங்கா ஸ்டாண்டில் நிற்கும் மற்ற டிரைவர்களைக் கேட்டால், "நாற்பதைத் தாண்டாதே அண்ணே" என்கிறார்கள். வண்டியுடன் வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்ல, நாளைக்கு எஞ்சினுக்கு ஏதாவது வந்தால் பழி விழப்போவது ஒருவர் தலையில்தான். அந்த வண்டியின் விலை, அவர் வாழ்நாளெல்லாம் ஓட்டிச் சம்பாதித்ததைவிட அதிகம்.

அன்று மாணவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் நான் புத்தகம் மட்டும் படித்தவன் அல்லன்.

1987-இல் நான் இளங்கலை மாணவன். மயிலாப்பூரில் இருந்த என் சித்தப்பா சீட்டுப் பணம் எடுத்து ஒரு புது இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வாங்கினார். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்ன வேகம்தான் என்று பெட்ரோல் தொட்டியின் மேலேயே காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நான் வண்டியை எடுத்தேன். லஸ் முனை, அடையாறு பாலம், திருவான்மியூர், அதைத் தாண்டினால் அன்றைய கோவளம் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. முறுக்கின முறுக்கில் வண்டி பறந்தது. நீலாங்கரை அருகே ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வரவும் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடினேன். வேகம் குறைந்து வந்த அடுத்த சில நொடிகளில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கிரீச்சென்று இழுத்தது. கிளச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துவிட்டது. வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "டேய், இன்னும் முதல் தவணையே கட்டலைடா" என்றார். புதுப்பேட்டையில் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் மாட்டினோம். தவறு முழுவதும் என்னுடையது, வண்டியினுடையதன்று.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

புது எஞ்சினின் சிலிண்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல் வழவழப்பாகத்தான் தோன்றும். உண்மையில் அது வழவழப்பாக இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் சாணைக்கல் பதித்த கருவியை உள்ளே விட்டுச் சுழற்றியபடியே மேலும் கீழும் இழுப்பார்கள். இதற்கு ஹோனிங் என்று பெயர். பாய் முடைந்தது போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய கீறல்கள் சுவர் முழுவதும் விழும். கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பள்ளம் என்றால் மேடும் உண்டல்லவா? அந்த மேடுகள் தலைமுடியின் கனத்தில் சிறு பகுதிதான். என்றாலும் பிஸ்டன் வளையம் முதன்முதலில் உராய்வது அவற்றின் மேல்தான். மேடுகளின் நுனி தேய்ந்து, பள்ளங்கள் மட்டும் எஞ்சி, வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று உருவம் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கல்லும் குழவியும் நாளடைவில் ஒன்றுக்கொன்று இசைந்து போவதில்லையா, அதுபோல. எஞ்சினின் கடைசி மெருகைத் தொழிற்சாலை போடுவதில்லை. வண்டி ஓட்டுபவர்தான் போடுகிறார்.

இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில் விசை மட்டுமன்று. எரிந்த வாயுவின் அழுத்தம் வளையத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் புகுந்து, அதை வெளிப்புறம் தள்ளுகிறது. ஆகவே எஞ்சின் சுமை இழுக்கும்போதுதான் வளையம் நன்றாக அழுந்தி, மேடுகளைத் தேய்க்கும். சுமையே இல்லாமல் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தால் வளையம் சுவரை வருடிக்கொண்டு மட்டும் போகும். பள்ளத்தில் தங்கிய எண்ணெய் சூட்டில் வெந்து, வார்னிஷ் பூசியதுபோலப் பளபளவென்று படியும். இதை மெக்கானிக்குகள் கிளேஸ் என்பார்கள். அது படிந்துவிட்டால் பின்னர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் வளையம் சரியாகப் படியாது. வண்டி எண்ணெய் குடிக்கும், புகை விடும்.

இதற்கு விமான எஞ்சின்களே நல்ல சான்று. சிறிய விமானங்களில் உள்ள காற்றால் குளிரும் பிஸ்டன் எஞ்சின்களைப் புதிதாக மாட்டினால், தொடக்கத்திலேயே முக்கால் பங்கு சக்தியில் ஓட்டச் சொல்கிறார்கள் லைக்கமிங் முதலிய நிறுவனத்தார். எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும் வரை சேர்ப்புப் பொருள் கலவாத கனிம எண்ணெயையே ஊற்றுவதும் உண்டு. காரணம் மேலே சொன்னதுதான். ஆக, "நன்றாக மிதியுங்கள்" என்று சொன்ன வீட்டுக்காரர் மகன் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. பாதி உண்மை அவரிடம் இருக்கிறது.

மறுபாதி என்ன? தேய்மானம் என்றால் உராய்வு; உராய்வு என்றால் வெப்பம். மேடுகள் தேயும் இடத்தில் அங்கங்கே சூடு திரளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் பிஸ்டன் மேலும் கீழுமாக மொத்தம் 6,000 முறை நகர்கிறது. திருவொற்றியூரில் செய்த பழைய 350 புல்லட்டின் பிஸ்டன் ஒரு வீச்சுக்கு 90 மில்லிமீட்டர் நகரும். 4,000 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர். இன்றைய போர்ஷே 911 காரெராவில் வீச்சு 76.4 மில்லிமீட்டர்தான், ஆனால் 7,500 சுற்றுக்குப் போகும்போது வேகம் விநாடிக்கு 19 மீட்டரைத் தாண்டுகிறது. சுற்று இரட்டித்தால் பிஸ்டனையும் அதன் தண்டையும் இழுக்கும் நிலைம விசை நான்கு மடங்காகும் என்பதை நம் முதலாண்டு மாணவரும் கணக்கிட்டுவிடுவர். மேலும் அலுமினியம், வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவது. சுவர் சூடாகும் முன் பிஸ்டன் சூடாகி விரிந்தால் இடைவெளி மறைந்துபோகும். அப்படிக் கடித்ததைத்தான் நான் நீலாங்கரையில் கண்டேன்.

என் வழக்கில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். முழு வேகத்தில் பிஸ்டன் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நான் ஆக்ஸிலேட்டரை மூடினேன். பெட்ரோல் நின்றது, கூடவே எண்ணெயும் நின்றது. நான்கு ஸ்ட்ரோக் காரில் கதை நேர்மாறு. அதற்கு எண்ணெய் தனியே கீழிருந்து பம்பால் வருகிறது. ஓடும்போது காலை எடுத்தால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, வளையத்தின் ஓரமாகக் கொஞ்சம் எண்ணெய் மேலே இழுக்கப்பட்டு, சுவர் குளிர்கிறது. அதனால் புதுக் காரில் சற்று மிதித்து ஏற்றி, காலை எடுத்து இறங்கவிட்டு, மீண்டும் மிதித்து ஏற்றுவது நல்ல பழக்கம். ஒரு வண்டிக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சு. பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் சொல்லும் யோசனையைக் காருக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கார்களைச் செய்பவர்களும் இரண்டு பாதிகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். போர்ஷேயின் பல கையேடுகள் முதல் 3,000 கி.மீ. வரை உயர்ந்த சுற்றுக்குப் போகவேண்டாம் என்கின்றன. பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்களை 2,000 கி.மீ. முடிந்ததும் பட்டறைக்கு அழைத்து, எஞ்சின் எண்ணெயையும் பின் அச்சுப் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் மாற்றுகிறார்கள். இன்று தொழிற்சாலையிலேயே மேடுகளின் நுனியைச் சீவிவிடுகிறார்கள் என்பதால் சாதாரணக் கார்களுக்கு இந்தக் காலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில், இது ரன்னிங்-இன் வண்டி, முந்திச் செல்லுங்கள் என்று அட்டை ஒட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். இன்று அந்த அட்டையை யாரும் தேடுவதில்லை. ஆனால் சக்தி மிகுந்த எஞ்சினில் அழுத்தமும் சுற்றும் அதிகம். அதில் பொறுமைக்கு இன்னும் வேலை இருக்கிறது. பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதும், பிரேக் பட்டைகள் தட்டின்மேல் சீராகப் படிவதும், புது டயரின் மேல் வழுக்கல் நீங்குவதும்கூட இதே காலத்தில்தான். டயர் விஷயத்தை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. மழையில் முதல் நாளே வளைவில் திருப்பிப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பந்தயக்காரர்கள் இதைச் சாலையில் செய்வதில்லை. நம் ஊருக்குப் பந்தயம் புதிதன்று. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கிற்று. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டு பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. 2010-இல் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் பார்முலா ஒன்றில் ஓட்டினார். 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர்த் தெருத் தடத்தில் இரவுப் பந்தயமும் நடந்தது. பார்முலா ஒன்று எஞ்சினைப் பந்தயத் தடத்துக்கு அனுப்பும் முன்னரே சோதனை மேடையில் பூட்டி, சுற்றையும் சுமையையும் வெப்பத்தையும் அளந்து அளந்து ஏற்றிப் பழக்கிவிடுகிறார்கள். அந்த வசதி ஆக்டிங் டிரைவருக்கு ஏது? அவருக்குக் கிடைத்த சோதனை மேடை தெற்கு உஸ்மான் சாலைதான்.

மாணவரின் தந்தையார் அதுவரை செய்ததும் அதுவே. தினமும் காலையில் வண்டியை எடுத்து, தியாகராய நகருக்குள்ளேயே நாலு சுற்றுச் சுற்றி, பத்துக் கிலோமீட்டர் சேர்த்துவிட்டு நிறுத்திவிடுவார். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தார். நான் சொன்னேன்: மீட்டரில் கிலோமீட்டர் ஏறுகிறது, எஞ்சின் பழகவில்லை. சிக்னலில் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்தில் வளையத்துக்கு வேலையே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அது சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வருமுன் வண்டி வீடு திரும்பிவிடுகிறது. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் சூடாக அதன்பின்னும் சில நிமிடங்கள் ஆகும்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு எடுங்கள் என்றேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை மெதுவாகப் போய் எண்ணெய் சூடேறட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியபின், அங்கு எழுதிப்போட்டுள்ள வேக வரம்புக்குள்ளேயே, கியரை ஒருபோதும் ஒரே இடத்தில் வைக்காமல், சுற்றை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். எஞ்சினுக்கு முக்கியம் சாலை வேகமன்று, சுற்றும் சுமையும்தான். மணிக்கு 60-இல் போனாலும் மூன்றாம் கியரில் போனால் எஞ்சினுக்குப் போதிய வேலை கிடைக்கும். தானியங்கிக் கியர் என்பதால் அது தானாகவே உயர்ந்த கியருக்கு ஓடிவிடும். ஆகவே கையால் மாற்றும் நிலையில் வையுங்கள். உயர்ந்த கியரில் சுற்றுக் குறைந்து வண்டி திணறும்போது அடிவரை மிதிப்பது எல்லாவற்றிலும் மோசம். அப்போது எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும், அழுத்தமோ முழுதாக இருக்கும். முதல் ஆயிரத்துக்கு அதிகபட்சச் சுற்றில் பாதிக்கு மேல் வேண்டாம். பிறகு ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள். கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் கையேடு சொல்வதே சட்டம். அந்தப் பக்கத்தை மாணவரே தமிழில் எழுதித் தந்தையாருக்குக் கொடுத்தார். ஒரு மாலைப் பொழுது ஆயிற்றாம். நல்ல மொழிபெயர்ப்புப் பயிற்சி.

எண்ணெய் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள் என்றும் சொன்னேன். அளவுக் கம்பியே இல்லையாம் அந்த வண்டியில், திரையில்தான் காட்டுமாம். அதையும் நாள், கிலோமீட்டர், எண்ணெய் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தார் அவர். நான் கேட்காமலே தாமாகத் தொடங்கியது அது. யாராவது பின்னால் கேள்வி கேட்டால் காட்ட வேண்டுமே என்பதற்காகவாம்.

கார்த்திகை மாதம் அந்த நோட்டை மாணவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முதல் அறுநூறு கிலோமீட்டரில் எண்ணெய் சிறிது குறைந்திருக்கிறது. ஆயிரத்து நூற்றுக்குப் பிறகு கோடு அசையவில்லை. இரண்டாயிரத்தில் பட்டறையில் வடித்த எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஜன்னலோரம் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மீன் செதிலைப் பொடித்துத் தூவியதுபோல, உள்ளே மிக நுண்ணிய வெள்ளி மினுக்கம். தேய்ந்த மேடுகள் அவைதான் என்றேன். ஆய்வக அலமாரியில் அந்தக் குப்பியை வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் மாணவர்கள் வரலாம்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்க சார்னு அப்பா சொல்றாரு" என்றார் மாணவர். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

"பின்னால சீட்டே இல்லை சார்."